கடல்வழி வந்த மார்க்கம்: ஆரம்பகால இஸ்லாமும் அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களும்

இஸ்லாத்தின் தொடக்ககாலப் பரவலை விவரிக்கும் நூல்கள் பெரும்பாலும் படைகள் சென்ற தரைவழியையே பின்தொடர்கின்றன. மதீனாவிலிருந்து சிரியா, ஈராக், எகிப்து, பாரசீகம் என விரிந்து, எட்டாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குள் மேற்கே ஸ்பெயினையும் கிழக்கே சிந்துவையும் தொட்டுவிடும் அந்த வரைபடத்தில் இலங்கைத் தீவுக்கு இடமிருப்பதில்லை. ஆயினும் 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி அம்பாறை மாவட்ட மக்களில் ஏறத்தாழ 43 சதவீதத்தினர் முஸ்லிம்கள். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனக் கடலோரமாகத் தெற்கே நீளும் ஊர்களிலும், சற்று உள்ளே வயல்களுக்கு நடுவே அமைந்த சம்மாந்துறை, இறக்காமம் முதலிய ஊர்களிலும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு வாழும் இச்சமூகம் எந்தப் படையெடுப்பின் விளைவாகவும் உருவானதன்று. வணிகம், திருமணம், புகலிடம் ஆகிய மூன்றின் வழியாகவே இக்கரையில் இஸ்லாம் வேரூன்றியது. ஒரு சமயம் தன் அடிப்படைக் கொள்கையில் ஒன்றையும் விட்டுக்கொடுக்காமல், தான் சென்றடைந்த மண்ணின் குடும்ப அமைப்பை எவ்வளவு தூரம் ஏற்றுக்கொள்ளும் என்ற கேள்விக்கு இக்கரையோரத்தைவிடத் தெளிவான விடை கிடைக்குமிடங்கள் குறைவு.

இஸ்லாம் பிறந்த மக்கா நகரமே ஒரு வணிக நகரம். நீரும் விளைநிலமும் அரிதான பள்ளத்தாக்கில் அமைந்த அந்நகரின் குறைஷிக் குலத்தார், குளிர்காலத்தில் யமனை நோக்கியும் கோடையில் சிரியாவை நோக்கியும் ஒட்டகக் கூட்டங்களை அனுப்பிப் பொருளீட்டியதோடு, கஃபா என்னும் பழம்பெரும் ஆலயத்தைப் பேணி, அங்கு வந்த யாத்திரிகர்களாலும் செல்வாக்குப் பெற்றனர். ஏறத்தாழ 570ஆம் ஆண்டில் இக்குலத்தில் பிறந்த முஹம்மது நபி (ஸல்) அவர்கள், பெற்றோரை இளமையிலேயே இழந்து, பாட்டனாராலும் பின்னர் தந்தையின் உடன்பிறந்தவராலும் வளர்க்கப்பட்டு, கதீஜா என்னும் செல்வமிக்க வணிகப் பெண்மணியின் சரக்குகளைச் சிரியாவுக்குக் கொண்டுசென்று விற்றுவரும் பொறுப்பை ஏற்று, அவரையே மணந்தார். 610ஆம் ஆண்டில் ஹிரா மலைக்குகையில் முதல் வஹீ, அதாவது இறைவனிடமிருந்து வானவர் ஜிப்ரீல் வழியாக வந்த அறிவிப்பு, கிடைத்தபோது அதை முதலில் நம்பி ஏற்றவரும் கதீஜாவே. இறைவன் ஒருவனே என்பதும், விக்கிரகங்களுக்கு ஆற்றல் இல்லை என்பதும், செல்வர் தம் செல்வத்துக்கு மறுமையில் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பதும் நபிகளாரின் போதனையில் இணைந்தே வந்தன. ஆலய வருவாயையும் வணிகச் செல்வாக்கையும் ஒருங்கே பிடித்திருந்த குறைஷித் தலைவர்கள் அதை எதிர்த்ததில் வியப்பில்லை.

அந்த எதிர்ப்பு துன்புறுத்தலாக மாறியபோது நிகழ்ந்த ஒரு செய்தி, இலங்கை முஸ்லிம்களின் வரலாற்றைப் படிப்போர் நினைவிற் கொள்ளத் தக்கது. 615ஆம் ஆண்டளவில், மதீனாவுக்குச் செல்வதற்கு ஏழாண்டுகள் முன்னரே, முஸ்லிம்களில் ஒரு பிரிவினர் செங்கடலைக் கடந்து அபிசீனியாவுக்குச் சென்று, அங்கு ஆட்சிபுரிந்த கிறிஸ்தவ மன்னரிடம் அடைக்கலம் பெற்றனர். இஸ்லாமிய வரலாற்றின் முதற் புகலிடம் கடலுக்கு அப்பால், வேற்றுச் சமய மன்னர் ஒருவரின் நிழலில் அமைந்தது என்பது இதன் பொருள். பின்னர் 622ஆம் ஆண்டில் நபிகளாரும் தோழர்களும் மதீனாவுக்குப் புலம்பெயர்ந்த நிகழ்வே ஹிஜ்ரத்து எனப்படுகிறது. கலீபா உமர் காலத்தில் வகுக்கப்பட்ட ஹிஜ்ரி ஆண்டு அதிலிருந்தே எண்ணப்படுகிறது. மதீனாவில் குலப் பிரிவுகளைக் கடந்த ஒரு சமுதாயத்தை (உம்மத்து) அமைத்து, அங்கிருந்த யூதக் குலங்களுடனும் உடன்படிக்கை செய்துகொண்ட நபிகளார், பத்ரு முதலிய போர்களுக்குப் பின் 630ஆம் ஆண்டில் மக்காவைப் பெரும் இரத்தப் பெருக்கின்றி வென்று, 632ஆம் ஆண்டில் மறைந்தார்.

அவர் விட்டுச்சென்ற கொள்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அல்லாஹ் ஒருவன், வானவர்கள், வேதங்கள், இறைத்தூதர்கள், இறுதி நாள், நன்மையும் தீமையும் இறைவனின் விதிப்படி என்பது ஆகிய ஆறையும் நம்புவது ஈமான். அந்நம்பிக்கையை வாயால் மொழியும் கலிமா, நாளொன்றுக்கு ஐந்து வேளைத் தொழுகை, ரமழான் மாத நோன்பு, செல்வத்திலிருந்து வறியோருக்கு உரிய பங்கைக் கொடுக்கும் ஸகாத்து, வசதியுள்ளோர் வாழ்நாளில் ஒருமுறை மக்காவுக்குச் சென்று நிறைவேற்றும் ஹஜ்ஜு ஆகிய ஐந்தும் கடமைகள். மூன்றாம் கலீபா உதுமான் காலத்தில், ஏறத்தாழ 650ஆம் ஆண்டில், 114 அத்தியாயங்கள் கொண்ட குர்ஆன் ஒரே வடிவில் பிரதியெடுக்கப்பட்டு முக்கிய நகரங்களுக்கு அனுப்பப்பட்டதால், கொள்கையின் மூலநூல் இடத்துக்கு இடம் மாறும் வாய்ப்பு மிகத் தொடக்கத்திலேயே அடைபட்டது.

நம்பிக்கை மாறவில்லை, ஆனால் கடமைகளை நிறைவேற்றும் களம் மாறியது. பேரீச்சையும் வாற்கோதுமையும் விளைந்த மதீனாவில் விதிக்கப்பட்ட விளைபொருள் ஸகாத்து, சம்மாந்துறை வட்டைகளில் (வயற்பரப்புகளில்) நெல்லுக்கு எவ்வாறு பொருந்துகிறது என்பதை இதற்குச் சான்றாகக் காட்டலாம். மழையும் ஆறும் தாமாகப் பாயும் நிலத்தின் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கும், உழைப்பும் செலவும் இட்டு நீர் இறைத்துப் பாய்ச்சும் நிலத்தின் விளைச்சலில் இருபதில் ஒரு பங்கும் ஸகாத்தாகும். ஐந்து வஸக்கு, இன்றைய கணக்கில் ஏறத்தாழ 650 கிலோ கிராம், என்ற எல்லையை அடையாத விளைச்சலுக்கு ஸகாத்து இல்லை. சிரியாவில் வாழ்ந்த இமாம் நவவி (1233–1277) எழுதிய ‘மின்ஹாஜ்’ என்னும் சட்டநூல், உமியுடன் சேமிக்கப்படும் நெல்லுக்கு அந்த எல்லையைப் பத்து வஸக்காக இரட்டிப்பாக்கிக் கூறுகிறது. உமி உணவாகாது என்பதே காரணம். நெல்லைக் கண்ணால் அதிகம் காணாத நாட்டில் வகுக்கப்பட்ட அவ்விதி, போடியாரும் (நிலக்கிழார்) முல்லைக்காரரும் (அவருக்காக வயல் செய்யும் உழவர்) சூடு மிதித்து நெல் அளந்த கிழக்குக் கரைக்கென்றே எழுதப்பட்டது போலப் பொருந்தி நிற்கிறது. 1949இல் தொடங்கப்பட்ட கல்லோயாத் திட்டத்தின் வாய்க்கால் நீரை எந்தப் பிரிவிற் சேர்ப்பது என்பது போன்ற கேள்விகளுக்கு விடை காண்பது அவ்வக்கால உலமாக்களின், அதாவது மார்க்க அறிஞர்களின், பணியாயிற்று.

நபிகளாருக்குப் பின் அபூபக்கர், உமர், உதுமான், அலி ஆகிய நான்கு கலீபாக்களின் காலத்திலும் (632–661), அதைத் தொடர்ந்த உமையாக்களின் காலத்திலும் (661–750) அரசியல் எல்லை மிக வேகமாக விரிந்தது. அரசு விரிந்த வேகத்தில் சமயமும் விரிந்தது என்று கருதுவது பரவலான பிழை. மக்கள் இஸ்லாத்தை ஏற்ற வேகத்தைப் பாரசீக வம்சாவளிப் பெயர்களைக் கொண்டு மதிப்பிட்ட வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் புல்லியட், 1979இல் வெளிவந்த தம் ஆய்வில், அங்கு மதமாற்றம் வெற்றிக்குப் பின் பல தலைமுறைகள் நீடித்த மெதுவான நிகழ்வு என்று காட்டினார். படை சென்ற நாடுகளிலேயே நிலைமை இதுவென்றால், படை செல்லாத இந்துமாக்கடற் கரைகளில் சமயம் பரவிய முறையை வேறு கண்கொண்டே நோக்க வேண்டும்.

அக்கடல்வழி இஸ்லாத்துக்கும் முந்தியது. ஆறாம் நூற்றாண்டில் எழுதிய கொஸ்மாஸ் என்னும் கிரேக்கத் துறவி, இலங்கையில் பாரசீகக் கிறிஸ்தவர்களின் தேவாலயம் இருந்ததையும், தீவு பல திசை வணிகரும் கூடும் சந்தையாக விளங்கியதையும் குறிப்பிடுகிறார். மன்னாருக்கு அருகிலுள்ள மாந்தையில் 1980களில் நடந்த அகழாய்வில் பாரசீக வளைகுடாப் பகுதியின் மெருகூட்டிய மட்பாண்டங்கள் கிடைத்தன. பத்தாம் நூற்றாண்டினரான புசுர்க் இப்னு ஷஹ்ரியார் தொகுத்த கடலோடிகளின் கதைகளில், நபிகளாரைப் பற்றிக் கேள்வியுற்ற செரண்டிப் (இலங்கை) மக்கள் மதீனாவுக்கு ஒரு தூதரை அனுப்பினர் என்றும், அவர் சென்றடைந்தபோது உமரின் ஆட்சி நடந்தது என்றும், திரும்பும் வழியில் தூதர் மக்ரான் பகுதியில் இறந்துவிட, அவருடைய பணியாள் மட்டும் ஊர் திரும்பி, ஒட்டுப்போட்ட ஆடை அணிந்து பள்ளிவாசலில் இரவைக் கழிக்கும் ஆட்சியாளரைத் தான் கண்டதாகச் சொன்னான் என்றும் ஒரு செய்தி உண்டு. இதை நடந்த நிகழ்வாக நிறுவ முடியாது. எனினும் பத்தாம் நூற்றாண்டு அரபுக் கடலோடிகள் இலங்கையையும் இஸ்லாத்தையும் எவ்வாறு இணைத்துப் பேசினர் என்பதற்கு இது சான்று.

அதைவிட உறுதியான செய்தி, 892இல் மறைந்த வரலாற்றாசிரியர் பலாதுரியிடமிருந்து கிடைக்கிறது. ‘யாகூத் தீவு’, அதாவது மாணிக்கத் தீவு, என அவர் அழைக்கும் நாட்டின் மன்னர், அங்கே முஸ்லிம்களாகப் பிறந்து, வணிகர்களான தந்தையரை இழந்த சில பெண்களை ஈராக்கின் ஆளுநர் ஹஜ்ஜாஜிடம் கப்பலில் அனுப்பினார். அக்கப்பலைச் சிந்துவின் தேபல் துறைமுகத்துக்கு அருகே கொள்ளையர் கைப்பற்றினர். சிந்து மன்னர் தாகிர் தமக்கு அவர்கள்மேல் அதிகாரமில்லை எனக் கைவிரித்ததே 711ஆம் ஆண்டளவில் அரபுத் தளபதி முஹம்மது பின் காசிமின் படையெடுப்புக்கு வழிவகுத்தது. மாணிக்கத் தீவு இலங்கையே என்பது ஆய்வாளரிடையே பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. சிந்துப் படையெடுப்பின் காரணத்தை விளக்கும் இடமாகவே இப்பகுதி வழக்கமாக மேற்கோள் காட்டப்படுகிறது. அதில் அடங்கிய வேறொன்று கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இத்தீவில் பிறந்து வளர்ந்த முஸ்லிம் பெண்கள் இருந்தனர் எனின், வந்து போகும் வணிகர் என்ற நிலை அதற்கு முன்பே மாறி, வீடும் குடும்பமும் கொண்ட குடியிருப்பு உருவாகிவிட்டது என்பதே பொருள். இலங்கை முஸ்லிம்களைப் பற்றிய மிகப் பழைய எழுத்துச் செய்திகளில் ஒன்று, வணிகரைவிட அவர்களின் புதல்வியரையே நடுநாயகமாகக் கொண்டிருக்கிறது.

பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த கொழும்பின் கூபி என்னும் பழைய அரபு எழுத்திலமைந்த கல்லறைக் கல்லும், 1344இல் யாழ்ப்பாண மன்னர் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, பாவாத மலையில் (சிவனொளிபாத மலை) ஏறி, கொழும்பையும் காலியையும் கண்டுசென்ற இப்னு பதூதாவின் பயணக் குறிப்பும், 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட, சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் பொறிக்கப்பட்ட பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கக் கல்வெட்டும் பிற்காலத் தொடர்ச்சியைக் காட்டுகின்றன. ஆனால் கல்லைவிடச் சட்டம் பேசும் சான்று வலியது. காஸாவில் பிறந்து எகிப்தில் மறைந்த இமாம் ஷாபிஈயின் (767–820) பெயரால் அமைந்த சட்ட மரபையே (மத்ஹபு) இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றுகின்றனர். யமன், மலபார், காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை, மலாய்த் தீவுகள் எனக் கடலைச் சூழ்ந்த கரைகளிலெல்லாம் ஷாபிஈ மரபு நிலவ, மத்திய ஆசியாவிலிருந்து தரைவழியாக இஸ்லாம் நுழைந்த வட இந்தியாவில் ஹனபி மரபே மேலோங்கியிருக்கிறது. கல்முனையின் மார்க்க உறவினரை டில்லியில் தேடுவதிலும் பார்க்கக் கீழக்கரையிலும் ஹழ்ரமவுத்திலும் தேடுவதே பொருந்தும்.

கிழக்குக் கரையின் தென்பகுதியைப் பற்றி வரலாறு உறுதியாகப் பேசத் தொடங்குவது பதினேழாம் நூற்றாண்டில். 1505இல் இலங்கையை அடைந்த போர்த்துக்கேயர், கறுவா வணிகத்தில் போட்டியாளராகவும் சமயத்தில் பகைவராகவும் கருதிய முஸ்லிம்களை 1626இல் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து வெளியேற்ற முற்பட்டபோது, கண்டி மன்னர் செனரத் (1604–1635) அவர்களுக்கு அடைக்கலமளித்து, 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினார் என்று போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோஸ் எழுதுகிறார். இன்றைய அம்பாறை மாவட்டம் 1961இல் பிரிக்கப்படும்வரை மட்டக்களப்பின் தென்பகுதியாகவே இருந்தது. அபிசீனிய மன்னரைப் போலவே இங்கும் புகலிடம் தந்தவர் வேற்றுச் சமயத்தவர். செனரத்தின் செயலில் கருணையோடு கணக்கும் இருந்தது: நெல் விளைவிக்கவும், கரையைக் காக்கவும், தவளம் எனப்படும் பொதிமாட்டுக் கூட்டங்களில் உப்பையும் கருவாட்டையும் மலைநாட்டுக்குக் கொண்டுசெல்லவும் ஆட்கள் வேண்டியிருந்தனர். வந்தவர்கள் வெற்றிடத்துக்கு வரவில்லை. ஏற்கெனவே அங்கு முஸ்லிம் குடியிருப்புகள் இருந்ததையும், முக்குவர், திமிலர் என்னும் இரு தமிழ்ச் சமூகத்தாருக்கிடையே நடந்த பூசலில் முஸ்லிம்கள் முக்குவர் பக்கம் நின்று அவர்களுடன் மணவுறவு கொண்டதையும் மட்டக்களப்பு மான்மியம் என்னும் வரலாற்று ஏடும் ஊர் வழக்குகளும் கூறுகின்றன. அவற்றை அப்படியே வரலாறாகக் கொள்ள இயலாது என்றாலும், மணவுறவு என்ற செய்தியைச் சமூக அமைப்பே உறுதிப்படுத்துகிறது.

அந்த அமைப்பின் பெயர் குடி. கிழக்கு மாகாணத்தில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் ஒருவரின் குடி தாயின் வழியே வருகிறது. தந்தை எக்குடியினராயினும் பிள்ளைகள் தாயின் குடியையே சேர்வர். திருக்கோவில், கொக்கட்டிச்சோலை முதலிய கோயில்களில் குடிகளின் சார்பில் வண்ணக்கர் நிருவாகம் செய்வது போல, பள்ளிவாசலில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்காயர் இருந்து, வரி திரட்டுதல், நார்சா (பள்ளியில் வழங்கும் உணவு) பங்கிடுதல், பிணக்குத் தீர்த்தல் ஆகியவற்றைக் கவனித்தார். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் களஆய்வு செய்து 2008இல் நூல் வெளியிட்ட மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, இரு சமூகத்தாரும் ஒரே உறவுமுறை அமைப்பைப் பகிர்ந்துகொள்வதை விரிவாக நிறுவியுள்ளார். பெரிய தாய், சிறிய தாயின் மகளை மணக்க இஸ்லாமியச் சட்டம் தடை விதிக்கவில்லை. ஆனால் அவள் தமிழ் உறவுமுறையில் சகோதரியாதலால் இவ்வூர்களின் முஸ்லிம்கள் அம்மணத்தைப் பெரிதும் தவிர்த்தே வந்துள்ளனர். மாமன் மகளோ மச்சி. அவளை மணப்பதற்குச் சட்டமும் வழக்கும் ஒருங்கே இடம் தருகின்றன.

வீடு பற்றிய வழக்கு இதனினும் நுட்பமானது. திருமணத்தோடு மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குக் குடிபுகுகிறார். அவ்வீடும் வளவும் சீதனமாகப் பெண்ணின் பெயருக்கே உறுதி எழுதப்படுகின்றன. பெற்றோர் திருமணமாகாத மற்றப் பிள்ளைகளுடன் அருகே வேறொரு வீட்டுக்கோ அதே வளவில் போட்ட சிறு குடிலுக்கோ நகர்கின்றனர். குர்ஆனின் நான்காம் அத்தியாயமோ இறந்தவரின் சொத்தில் மகனுக்கு மகளைப் போல இருமடங்கு பங்கு வகுத்திருக்கிறது. இரண்டும் முரண்படுவதாகத் தோன்றினும், சட்டத்தின் பார்வையில் முரண் இல்லை. வாரிசுரிமைப் பங்கு இறப்புக்குப் பின் எஞ்சும் சொத்துக்கே உரியது. ஒருவர் உயிரோடிருக்கும்போது மனமுவந்து கொடுத்து, பெறுபவர் கைக்கொண்டுவிட்ட அன்பளிப்பு (ஹிபத்து) அக்கணக்கில் வருவதில்லை. ஆகவே மகளின் திருமண நாளில் வீடு கைமாறிவிட, தந்தை இறக்கும்போது மிஞ்சும் வயலும் பணமுமே குர்ஆன் வகுத்த விகிதத்தில் பிரிக்கப்படுகின்றன. வேதத்தின் ஓர் எழுத்தும் மீறப்படவில்லை. தாய்வழி வழக்கும் கைவிடப்படவில்லை.

இவ்வழக்கு அம்பாறைக்கு மட்டும் உரியதன்று. கண்ணூர் மாப்பிள்ளைமார், இலட்சத்தீவினர், சுமாத்திராவின் மினாங்கபாவ் மக்கள் ஆகியோரும் தாய்வழி முறையைப் பேணும் முஸ்லிம்களே; அனைவரும் கடலோரத்தாராகவோ தீவினராகவோ இருப்பதும், ஷாபிஈ மரபினராக இருப்பதும் தற்செயலாகாது. பயணத்திலேயே காலம் கழியும் ஆண், கரையில் நிலைத்திருக்கும் பெண்ணின் வீட்டில் சேர்வதே கடல்வழிச் சமூகத்துக்கு இயல்பான ஏற்பாடு. மட்டக்களப்பைப் பொறுத்தவரை கேரளத் தொடர்புடைய முக்குவரின் தாய்வழி மரபு அதற்கு அடித்தளமாக அமைந்தது. அதேவேளை, இவ்வழக்கைப் பெண்ணுரிமையின் முழு வெற்றியாகப் புகழ்வதும் தவறு. மணமகன் மணமகளுக்குக் கொடுக்க வேண்டிய மஹரே மார்க்கம் விதித்தது. இங்கோ பெண்வீட்டார் மணமகனுக்குக் கொடுக்கும் கைக்கூலி, 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தில் பெயரோடு இடம்பெறும் அளவுக்கு நிலைபெற்றது. பல பெண்பிள்ளைகளைப் பெற்ற வாப்பா (தந்தை) ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடு கட்டுவதற்காகவே உழைப்பதும், சகோதரிகளின் வீட்டுக்காகக் காக்காமார் (அண்ணன்மார்) வளைகுடா நாடுகளில் இளமையைக் கழிப்பதும் இதன் மறுபக்கம்.

நம்பிக்கைக்கும் வழக்கத்துக்கும் இடையிலான எல்லை எங்கே என்ற விவாதம் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் இன்னும் கூர்மையாக வெளிப்படுகிறது. பதினாறாம் நூற்றாண்டில் நாகூரில் அடங்கிய ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாக அமைந்த இந்தத் தர்ஹாவில் அவருடைய அடக்கத்தலம் இல்லை. ஆண்டுதோறும் கொடியேற்றமும் கந்தூரியும் (நினைவு விருந்தும்) நடைபெறுகின்றன. கிப்லா, அதாவது கஃபாவின் திசை, இங்கு மேற்கே சற்று வடக்காக அமைவதால், தொழுவோர் கடலைப் பின்னால் விட்டே நிற்கின்றனர். கந்தூரிக் கொடியோ கடலிலிருந்து வருவோர் கண்ணில் படுமாறு பறக்கிறது. இறைநேசர்களிடம் நேர்ச்சை வைப்பது தவ்ஹீது எனும் ஏகத்துவத்துக்கு முரணானது என்று சீர்திருத்த இயக்கத்தாரும், அது மரியாதையேயன்றி வணக்கமன்று என்று தரீக்கா (சூபி நெறி) வழியினரும் வாதிடுகின்றனர். இறைவன் ஒருவனே என்பதில் இரு தரப்பாருக்கும் கருத்து வேறுபாடில்லை என்பதையும் சேர்த்தே இவ்விவாதத்தைப் படிக்க வேண்டும்.

கொள்கை இம்மக்களிடம் வந்து சேர்ந்த மொழி தமிழ். நபிகளாரின் வாழ்வை விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்னும் மூன்று காண்டங்களில் பாடிய உமறுப் புலவரின் சீறாப்புராணமும், அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழில் ஷாபிஈ சட்டத்தை விளக்கிய கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிமின் (1816–1898) ‘மகானி’யும் பாக்கு நீரிணையின் இரு கரைகளுக்கும் பொதுச் சொத்தாக இருந்தன. அந்த ஆலிம் இலங்கையில் ஊர் ஊராகச் சென்று மார்க்கப் பணி செய்தவர். தொழுகை, நோன்பு, ஓதல், பள்ளி என்ற சொற்கள் இன்றும் அன்றாட வழக்கில் நிற்பது இந்தத் தமிழ்வழிக் கல்வியின் பயன்.

இத்தனைக்குப் பிறகும் இலங்கை முஸ்லிம்களின் வரலாறு அரபுக் கல்வெட்டுகளையும் ஐரோப்பியர் ஏடுகளையும் கொண்டே பெரிதும் எழுதப்பட்டு வருகிறது. கிழக்குக் கரையின் உண்மையான ஆவணங்கள் மரைக்காயர் நிருவாகக் குறிப்புகள், பழைய சீதன உறுதிகள், குடி வழக்குகள், முதியோரின் நினைவு ஆகியவற்றில் இருக்கின்றன. 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் அதிகமான உயிர்களைப் பறித்தபோது, அவர்களோடு இந்நினைவுகளில் பெரும் பகுதியும் போயிற்று; எஞ்சியிருப்பவற்றைக் கறையானும் புதிய கட்டடங்களும் தின்றுகொண்டிருக்கின்றன. அவற்றைத் திரட்டிப் படியெடுத்துக் காக்கும் பணியை ஒலுவிலில் அமைந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் பள்ளிவாசல் நிருவாகங்களும் இணைந்து காலந்தாழ்த்தாமல் ஏற்க வேண்டும்.